மீன் தொட்டி தந்த தையற்காரப் பெண்

கண்ணாடித் தொட்டியில் மீன்கள் நீந்துவதைப் பார்த்து மகிழாதவர் உண்டா? குழந்தைகள் மட்டுமா, பெரியவர்களும் அதன் முன்னே நின்றுவிட்டால் நேரம் போவதே தெரியாது.

அதிலும், ஏஞ்சல் மீன் ஜோடி ஒன்று முட்டையிடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? தென் அமெரிக்காவில் அமேசான் நதியில் வாழும் நன்னீர் மீன் அது. தட்டையான உடல், மேலும் கீழும் பாய் விரித்தாற் போல நீண்ட துடுப்புகள். ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து, நீரில் உள்ள அகன்ற இலை ஒன்றை வாயாலேயே துடைத்துச் சுத்தம் செய்யும். பெண் மீன் அந்த இலையில் வரிசை வரிசையாக முட்டைகளை ஒட்டி வைக்கும். ஆண் மீன் பின்னாலேயே வரும். பிறகு இரண்டும் மாறி மாறிக் காவல் நிற்கும். துடுப்பால் விசிறி, முட்டைகளின் மேல் புது நீர் படச் செய்யும். வெளுத்துக் கெட்டுப்போன முட்டையைப் பொறுக்கி எடுத்துவிடும். இரண்டு மூன்று நாளில் குஞ்சுகள் பொரியும்.

எங்கோ காட்டாற்றின் அடியில் நடக்கும் இந்தக் குடும்ப வாழ்க்கையை, நாம் வீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறோம். நீரில் வாழும் உயிரை உயிரோடு வைத்து, கண்ணாடி வழியே அதன் பிறப்பையும் வளர்ப்பையும் கவனிக்கும் இந்த வழியை முதன்முதலில் ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தியவர் யார் தெரியுமா?

பெரிய பேராசிரியர் அல்ல. பிரபுவின் பிள்ளையும் அல்ல. காலணி தைத்துப் பிழைத்த ஒருவரின் மகள். ஊசியும் நூலும் கொண்டு வயிறு வளர்த்த ஒரு தையற்காரப் பெண். அவர் பெயர் ழான் வில்ப்ரூ.

கால்நடையாகப் பாரிசுக்கு

பிரான்ஸ் தேசத்தின் நடுப்பகுதியில் கொரேஸ் என்று ஒரு மாவட்டம். அங்கே ஜுய்யாக் என்பது ஒரு சிற்றூர். 1794-ம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ழான் அங்கே பிறந்தார். பிரெஞ்சுப் புரட்சியின் சூடு இன்னும் ஆறாத காலம் அது. தந்தை காலணி தைப்பவர். தாய் துணி தைப்பவர். சிறு வயதிலேயே ழான் தாயை இழந்தார். எழுதப் படிக்கக் கற்றதற்கு மேல் பெரிய படிப்பு எதுவும் அவருக்குக் கிட்டவில்லை.

18 வயதில் அவர் ஒரு முடிவு செய்தார். பாரிசுக்குப் போய்ப் பிழைப்பது என்பதே அந்த முடிவு. பாரிஸ் ஏறக்குறைய 400 கிலோ மீட்டருக்கு அப்பால் இருந்தது. வண்டிக்குக் கொடுக்கப் பணம் இல்லை. எனவே நடந்தே புறப்பட்டார்.

துணைக்கு வந்தவன் உறவுக்காரன். ஆனால் நம்பி வந்த பெண்ணிடம் வழியில் அவனே முறைகேடாக நடந்துகொண்டான். ழான் அவனிடமிருந்து தப்பி, ஆர்லியான்ஸ் நகரில் அடைக்கலம் புகுந்தார். தனித்து நின்ற ஏழைப் பெண். முன்னே தெரியாத ஊர். பின்னே திரும்ப மனமில்லை. வேறு ஒருவராக இருந்தால் ஊருக்கே திரும்பியிருப்பார். ழான் திரும்பவில்லை. காலம் தாழ்ந்தாலும் பாரிஸ் போய்ச் சேர்ந்தார்.

அங்கே ஒரு தையற் கடையில் உதவியாளாக வேலை கிடைத்தது. கைத்திறன் அவரைக் கைவிடவில்லை. நாலே வருடத்தில் பெரிய இடத்து வேலைகள் அவர் கைக்கு வந்தன.

அரச குமாரியின் மண ஆடை

1816-ம் ஆண்டு பாரிஸ் நகரமே கோலாகலத்தில் மூழ்கியிருந்தது. பிரெஞ்சு மன்னர் 18-ம் லூயியின் தம்பி மகன் பெரி கோமகனுக்கும், இரு சிசிலி நாட்டு இளவரசி கரோலினுக்கும் திருமணம். அந்த இளவரசியின் மண ஆடையைத் தைக்கும் பொறுப்பு ழானுக்கு வந்தது. நான்கு வருடத்துக்கு முன் நடந்து நடந்து கால் வீங்க நகருக்குள் நுழைந்த கிராமத்துப் பெண்ணின் பெயர், ஒரே நாளில் பெரிய மனிதர்களின் வாயில் அடிபடலாயிற்று.

அந்தப் புகழ் அவர் வாழ்க்கையையே வேறு திசையில் திருப்பியது. சிசிலித் தீவில் வாணிபம் செய்துவந்த ஜேம்ஸ் பவர் என்ற செல்வந்தரின் அறிமுகம் கிடைத்தது. 1818-ம் ஆண்டில் மெசினா துறைமுக நகரில் இருவருக்கும் மணம் நடந்தது. தையற்காரப் பெண் ழான், சீமாட்டி பவர் ஆனார்.

இனி ஊசி பிடிக்க வேண்டிய அவசியம் இல்லை. பணம் இருந்தது, மாளிகை இருந்தது, ஏவலாட்கள் இருந்தனர். அவரைப் போன்ற நிலையில் இருந்த சீமாட்டிகள் விருந்துக்கும் நடனத்துக்கும் போய்ப் பொழுதைக் கழித்தார்கள். ழான் அம்மையார் புத்தகத்தைப் பிடித்தார்.

இயற்கை நூல்களைத் தாமே படித்தார். சிசிலித் தீவு முழுவதும் சுற்றினார். செடி கொடிகள், வண்ணத்துப்பூச்சிகள், கிளிஞ்சல்கள், பூமிக்கடியில் புதைந்து கல்லாகிப்போன பழைய உயிர்கள் என்று எதையும் விடாமல் சேகரித்தார். கண்டதையெல்லாம் குறித்துக்கொண்டார், படம் வரைந்தார். மரநாய்களைக் கூட வீட்டில் வளர்த்து அவற்றின் பழக்கவழக்கங்களைக் கவனித்தார்.

மெசினா நகரம் கடலை ஒட்டி இருப்பது. அந்த ஜலசந்தியில் நீரோட்டம் அதிகம். ஆழ்கடல் பிராணிகள் பலவும் அதில் அடித்துக்கொண்டு வரும். செம்படவர்கள் வலையில் விசித்திரமான உயிர்களெல்லாம் சிக்கும். அப்படிச் சிக்கிய ஒன்றுதான் அம்மையாரின் வாழ்க்கைப் புதிராக அமைந்தது.

ஈராயிரம் ஆண்டுப் புதிர்

அதன் பெயர் ஆர்கோனாட். நம் ஊர்க் கடலோரத்தில் பேய்க்கணவாய் என்று சொல்கிறார்களே, அந்த எட்டுக் கைப் பிராணிக்கு உறவு அது. ஆனால் பேய்க்கணவாய்க்கு ஓடு கிடையாது. ஆர்கோனாட்டின் பெண்ணுக்கோ அழகிய வெள்ளை ஓடு உண்டு. காகிதம் போல மெலிதானது. வரி வரியாகச் செதுக்கினாற் போன்றது. அதற்குள்தான் அது முட்டைகளை வைத்துக் காக்கும்.

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் காலத்திலிருந்தே இந்தப் பிராணியைப் பற்றிப் பேச்சு உண்டு. இரண்டு கைகளின் நுனியில் அகன்ற சவ்வு இருக்கிறதல்லவா? அதைப் பாய் போல விரித்து, ஓட்டைப் படகாக்கி, கடல் மேல் மிதந்து செல்லும் என்று நம்பினார்கள். ஆர்கோ என்ற புராணக் கப்பலில் சென்ற வீரர்களின் பெயரே இதற்கு வந்தது.

புதிர் என்னவென்றால், அந்த ஓடு யாருடையது?

நத்தையின் ஓடு நத்தையின் உடலோடு ஒட்டியிருக்கும். பிய்த்தால் உயிர் போய்விடும். ஆர்கோனாட்டின் உடலோ ஓட்டோடு எங்கும் ஒட்டியிருக்கவில்லை. எனவே, காலியான சங்குக்குள் குடியேறிக்கொள்ளும் நண்டைப் போல இதுவும் வேறொரு பிராணியின் ஓட்டைத் திருடிக்கொள்கிறது என்று பெரிய விஞ்ஞானிகள் பலர் சாதித்தார்கள். இல்லை, அது தானே கட்டிய வீடுதான் என்று வேறு சிலர் வாதாடினார்கள்.

இரு கட்சிக்கும் கையில் இருந்தவை செத்த பிராணிகள்தாம். சாராயச் சீசாவில் ஊறிக் கிடந்த உடலை மேசை மேல் வைத்துக்கொண்டு, உயிரோடு இருந்தபோது அது என்ன செய்திருக்கும் என்று ஊகித்தார்கள். செத்தது எப்படிச் சாட்சி சொல்லும்?

உயிரோடு பார்த்தால்தான் உண்மை தெரியும் என்று அம்மையார் தீர்மானித்தார். ஆனால் எப்படிப் பார்ப்பது? கடலில் போய்ப் பார்க்கலாம் என்றால், நிழல் பட்டாலே அது ஆழத்தில் மறைந்துவிடும். வீட்டுக்குக் கொண்டுவந்து பாத்திரத்தில் விட்டால், நீர் கெட்டு விரைவில் இறந்துவிடும்.

மூன்று தொட்டிகள்

இங்கேதான் அம்மையாரின் புத்தி வேலை செய்தது. 1832-ம் ஆண்டில் அவர் மூன்று விதமான தொட்டிகளைத் தயாரித்தார்.

முதலாவது, வீட்டுக்குள் வைக்கும் கண்ணாடித் தொட்டி. கடல்நீர் நிரப்பி, பிராணியை விட்டு, எந்தப் பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். இன்று நம் கூடத்தில் இருக்கும் மீன் தொட்டியின் மூதாதை இதுதான்.

இரண்டாவது, கண்ணாடிப் பாத்திரத்தைக் கூண்டுக்குள் பொருத்தியது. இதைக் கடலுக்குள் இறக்கி வைக்கலாம். வேண்டும்போது மேலே தூக்கிப் பார்க்கலாம். சிறு பிராணிகளுக்கு ஏற்றது.

மூன்றாவது, பெரிய கூண்டு. நங்கூரம் பாய்ச்சிக் கடலிலேயே நிறுத்தி வைப்பது. கடல்நீர் தாராளமாக உள்ளே வந்து போகும். பிராணியும் தப்பிப் போகாது. பெரிய உயிர்களை அதற்குள் வைத்தார்.

மீன் வளர்ப்போர் இதில் ஒரு நுட்பத்தைக் காணலாம். தொட்டியில் மீன் சாவதற்குப் பசி காரணமாவது குறைவு. நீர் கெடுவதுதான் பெரும்பாலும் காரணம். பிராணியின் கழிவும், தின்னாமல் விட்ட இரையும் நீரை நஞ்சாக்கும். நீரில் கரைந்த பிராணவாயுவும் குறையும். இன்று அதற்குக் காற்றடிக்கும் மோட்டாரும் வடிகட்டியும் இருக்கின்றன. அன்று அவை ஏது? கடலையே வடிகட்டியாக்கிக்கொண்டார் அம்மையார்!

கடலில் கூண்டில் வாழ விட்டு, வேண்டியபோது கண்ணாடிக்குள் கொண்டுவந்து கவனித்தார். செம்படவர்கள் அவருக்கு உயிருள்ள ஆர்கோனாட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வேளை தவறாமல் இரையிட்டார். மாதக் கணக்கில், வருடக் கணக்கில் பொறுமையாகப் பார்த்தார்.

உடைந்த வீடு ஒட்டியது

பிறகு சோதனையில் இறங்கினார். உயிருள்ள ஆர்கோனாட்டின் ஓட்டில் ஒரு துண்டை மெல்ல உடைத்தார். திருடிய வீடாக இருந்தால், உடைந்ததைப் பழுது பார்க்க அதற்கு எப்படித் தெரியும்? வேறு ஓட்டைத்தானே தேடும்?

ஆர்கோனாட் வேறு ஓட்டைத் தேடவில்லை. சவ்வுள்ள அந்த இரண்டு கைகளை வெளியே நீட்டிற்று. உடைந்த இடத்தின் மேல் சவ்வைப் போர்த்தியது. சில நாட்களில் ஓட்டை இருந்த இடத்தில் மெல்லிய புதுப் படலம் உண்டாகி, நாளடைவில் கெட்டிப்பட்டது. கிழிந்த துணிக்கு ஒட்டுப் போடுவது தையற்காரிக்குப் புதிதா? பிராணி தன் வீட்டுக்கு ஒட்டுப் போடுவதை அவர் கண்ணாரக் கண்டார்.

அத்தோடு நிற்கவில்லை. ஓட்டுக்குள் இருந்த முட்டைகளையும் கவனித்தார். முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு ஓடு கிடையாது. வளரும்போது தானே அதைக் கட்டிக்கொள்கிறது என்று தெளிந்தார். பாய் விரித்துக் கப்பல் விடும் கதையும் அடிபட்டுப் போயிற்று. பாய் என்று நம்பிய அந்தச் சவ்வுதான் ஓட்டைச் சுரந்து கட்டும் கொத்தனார் கை என்பது விளங்கிற்று.

ஈராயிரம் ஆண்டுப் புதிர் விடுபட்டது. ஆர்கோனாட் திருடன் அல்ல. சொந்தமாக வீடு கட்டிக்கொள்ளும் தாய்.

சிசிலியில் கட்டானியா நகரத்து ஜியோனியா விஞ்ஞான சபை அவருடைய ஆராய்ச்சியைக் கேட்டு வியந்தது. பெண் ஒருவரை அந்தச் சபை உறுப்பினராக ஏற்றது அதுவே முதல் தடவை. அச்சபையைச் சேர்ந்த பேராசிரியர் கார்மேலோ மராவின்யா, தொட்டியைக் கண்டுபிடித்த பெருமை அம்மையாரையே சேரும் என்று 1834-ம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். அந்தக் குறிப்பு பின்னால் மிகவும் பயன்பட்டது.

எல்லோரும் உடனே ஒப்புக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். பாரிஸ் விஞ்ஞானிகளில் சிலர் பிடிவாதமாக மறுத்தார்கள். படிப்புப் பட்டம் இல்லாத, தையல் வேலை பார்த்த ஒரு பெண் சொல்வதைக் கேட்டுப் பழைய கொள்கையை விடுவதா என்ற எண்ணம் இல்லாமலிருக்குமா? அம்மையார் கோபித்துக்கொண்டு ஒதுங்கவில்லை. சோதனையை மறுபடி மறுபடி செய்தார். புட்டிகளில் மாதிரிகளை அடைத்து அறிஞர்களுக்கு அனுப்பினார். 1839-ம் ஆண்டில் லண்டன் விலங்கியல் சங்கத்தில் ரிச்சர்ட் ஓவன் என்ற புகழ்பெற்ற விஞ்ஞானி அவருடைய முடிவுகளை எடுத்து வைத்தார். வழக்கு அம்மையார் பக்கம் சாய்ந்தது.

கடல் கொண்ட செல்வம்

இதற்கு இடையில் ஒரு பேரிடி விழுந்தது. சிசிலியை விட்டுக் கிளம்புவது என்று பவர் தம்பதிகள் ஆயத்தம் செய்துவந்தனர். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகச் சேர்த்த மாதிரிகள், குறிப்புகள், வரைந்த படங்கள் முதலியவற்றைப் பெட்டி பெட்டியாகக் கட்டி, பிராம்லி என்ற கப்பலில் லண்டனுக்கு அனுப்பினார் அம்மையார். 1838-ம் ஆண்டில் அந்தக் கப்பல் கடலில் மூழ்கிவிட்டது.

கடலிலிருந்து பொறுக்கி எடுத்ததையெல்லாம் கடலே திரும்ப வாங்கிக்கொண்டது! கையோடு வைத்திருந்தவையும், முன்னமே அச்சேறியவையும்தான் மிச்சம்.

பணத்தை இழந்தவன் மறுபடி சம்பாதிக்கலாம். இருபது வருடத்துக் கண்பார்வையை எப்படிச் சம்பாதிப்பது? ஆனாலும் அம்மையார் ஓய்ந்துவிடவில்லை. எஞ்சியதைக் கொண்டு எழுதினார். 1842-ம் ஆண்டில் சிசிலித் தீவைப் பற்றி அவர் எழுதிய வழிகாட்டி நூல் வெளிவந்தது. தீவின் ஊர்களையும், உயிரினங்களையும், கனிப்பொருள்களையும் விவரிக்கும் நூல் அது. மறு ஆண்டு தம்பதிகள் சிசிலியை விட்டுப் புறப்பட்டார்கள். பிறகு லண்டனிலும் பாரிசிலுமாக வாழ்ந்தார்கள்.

பேய்க்கணவாயின் தந்திரம் ஒன்றையும் அவர் எழுதிவைத்தார். பெரிய சிப்பி ஒன்று வாய் திறக்கும் வரை அது கையில் கல்லோடு காத்திருக்குமாம். திறந்ததும் கல்லை இடையில் செருகிவிடும். சிப்பி மூட முடியாது. உள்ளிருக்கும் சதை இதற்கு விருந்து! மீன் அருகிப்போன ஆறுகளில், கூண்டில் குஞ்சு வளர்த்து விட்டால் மீன்வளம் பெருகும் என்ற யோசனையையும் அவர் சொன்னார். இன்று உலகெங்கும் நடக்கும் மீன்வளர்ப்புத் தொழிலுக்கு அது ஒரு முன்னறிவிப்பு.

பேர் ஒருவருக்கு, உழைப்பு ஒருவருக்கு

1850-ம் ஆண்டுக்குப் பின் லண்டனில் மீன் தொட்டி மோகம் பிடித்தது. ராபர்ட் வாரிங்டன் என்ற இரசாயன நிபுணர், தங்க மீனோடு நீர்ச்செடியையும் சேர்த்து வைத்தால் ஒன்றின் மூச்சு மற்றதற்கு உதவும் என்று காட்டினார். 1853-ம் ஆண்டில் லண்டன் மிருகக்காட்சிசாலையில் மீன் கூடம் திறக்கப்பட்டது. மறு ஆண்டில் பிலிப் ஹென்றி காஸ் என்பவர் எழுதிய நூல், அக்வேரியம் என்ற பெயரை ஊரெங்கும் பரப்பியது. பணக்காரர் வீட்டுக் கூடங்களில் எல்லாம் கண்ணாடித் தொட்டிகள் ஏறின.

அவர்கள் எல்லோரும் திறமைசாலிகள். அவர்கள் பங்கும் பெரிது. ஆனால் இந்த ஆரவாரத்தில், இருபது ஆண்டு முன்பே மெசினாக் கரையில் கண்ணாடிக்குள் கடலைக் கொண்டுவந்த பெண்ணை மக்கள் மறந்தே போனார்கள். ரிச்சர்ட் ஓவன் போன்ற சிலர்தாம் நன்றியோடு நினைத்து, தொட்டி வளர்ப்புக் கலையின் தாய் அவரே என்று சொன்னார்கள்.

1870-ம் ஆண்டில் ஜெர்மானியப் படைகள் பாரிஸ் நகரை முற்றுகையிட்டன. முதுமையில் அம்மையார் பாரிசை விட்டுத் தாம் பிறந்த ஜுய்யாக் சிற்றூருக்கே திரும்பினார். 58 வருடத்துக்கு முன் நடந்து புறப்பட்ட அதே ஊர். 1871-ம் ஆண்டு ஜனவரி 25-ந் தேதி, 76-வது வயதில் அங்கேயே காலமானார். நாடு போரில் தத்தளித்த சமயம். அவர் மறைவு பெரிதாகப் பேசப்படவில்லை.

வானத்தில் ஒரு பெயர்

நூறு ஆண்டுக்கு மேல் அவர் பெயர் இருளில் கிடந்தது. பிறகு பழைய ஏடுகளைப் புரட்டியவர்கள் அவரைக் கண்டெடுத்தார்கள். வெள்ளிக் கிரகத்திலுள்ள பெரும் பள்ளங்களுக்குப் புகழ்பெற்ற பெண்களின் பெயரைச் சூட்டுவது வானநூலார் வழக்கம். 1997-ம் ஆண்டில் அவற்றில் ஒன்றுக்கு வில்ப்ரூ-பவர் என்று பெயரிட்டார்கள்.

அவர் ஆராய்ந்த ஆர்கோனாட்டின் கதையும் அத்துடன் முடியவில்லை. அதன் ஆண் மிகமிகச் சிறியது, ஓடே இல்லாதது என்பது 1853-ம் ஆண்டில்தான் தெளிவாயிற்று. பெண் ஆர்கோனாட் நீர்மட்டத்துக்கு வந்து, ஓட்டுக்குள் காற்றைப் பிடித்து அடைத்துக்கொண்டு, அதன் உதவியால் ஆழத்தில் மூழ்காமலும் மிதக்காமலும் நிலைத்து நிற்கிறது என்று 2010-ம் ஆண்டில் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அவர்களும் அதை உயிரோடு கவனித்துத்தான் கண்டார்கள். அம்மையார் காட்டிய வழி அது.

கையில் பட்டம் இல்லை. பின்னால் பரம்பரை இல்லை. ஐயம் வந்தால் நேரில் பார்ப்பது, பார்த்ததை மறுபடி பார்ப்பது என்ற ஒரே பழக்கம்தான் அவருக்குத் துணை. பெரிய விஞ்ஞானிகள் சீசாவுக்குள் செத்ததைப் பார்த்துச் சண்டையிட்டபோது, அவர் உயிருக்கு உணவிட்டு, நீர் மாற்றி, காத்திருந்து உண்மையைப் பெற்றார்.

வீட்டில் மீன் தொட்டி வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஏஞ்சல் மீன் இலையில் முட்டை ஒட்டும்போது கையை விட்டுக் கலைக்காதீர்கள். விளக்கைத் திடீரென்று போட்டு அணைக்காதீர்கள். ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் நாளும் நேரமும் குறித்து, பார்த்ததை எழுதி வையுங்கள். வீட்டில் பெண் குழந்தை இருந்தால், நோட்டை அவள் கையில் கொடுங்கள்.